லம்பாடித் தையல்: தருமபுரி மலையடிவாரப் பெண்களின் ஊசிவேலை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைவினைக் கண்காட்சிகளில் லம்பாடிப் பெண்களின் விற்பனை மேசைக்குப் பக்கத்தில் நின்று கணக்கெழுத உதவும்போது, வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. விலையைப் பற்றிய கேள்விதான் முதலில் வரும். வரலாற்றைப் பற்றிய கேள்வி, பையை வாங்கி முடித்த பிறகு, சில்லறைக்குக் காத்திருக்கும்போது வரும். இங்கே அந்த வரிசையை மாற்றியிருக்கிறேன்.

லம்பாடித் தையல் என்பது என்ன?

லம்பாடி, பஞ்சாரா, சுகாலி, லம்பானி என்று வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு பெயரால் அழைக்கப்படும் மக்களின் பெண்கள், தங்கள் பாவாடை, ரவிக்கை, முக்காட்டுத் துணி, பை, மாட்டுக்கான அலங்காரத் துணி ஆகியவற்றின் மேல் கையால் செய்துவந்த ஊசிவேலை இது. அழுத்தமான சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை நூல்களால் கட்டமும் முக்கோணமும் சாய்சதுரமுமாக நிரப்பி, இடையிடையே கண்ணாடித் துண்டு, சோழி, பாசிமணி, நாணயம் ஆகியவற்றைப் பதிப்பார்கள். தருமபுரி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே கிடக்கும் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கின் லம்பாடித் தாண்டாக்களில் இந்த வேலை, நடுவில் ஒரு தலைமுறை அற்றுப்போய், இன்று மீண்டும் நடக்கிறது. (ஊர்ப்பெயரைச் சிட்லிங் என்றும் எழுதுவார்கள்.) தாண்டா என்பது அவர்களுடைய குடியிருப்பைக் குறிக்கும் சொல், முன்பு அது பொதிமாடுகளோடு நகர்ந்துகொண்டிருந்த கூட்டத்தைக் குறித்தது.

வடக்கிலிருந்து வந்தவர்கள் என்கிறார்களே, தருமபுரிக்கு எப்படி வந்தார்கள்?

அவர்கள் பேசும் மொழியே பாதி விடையைச் சொல்லிவிடும். வீட்டுக்குள் அவர்கள் பேசுவது ராஜஸ்தானி மொழிகளோடு உறவுடைய, தனக்கென்று எழுத்து இல்லாத ஒரு மொழி. பொதிமாடுகளின் மேல் உப்பும் தானியமும் ஏற்றி, படைகளுக்கும் சந்தைகளுக்கும் கொண்டுசேர்ப்பது அவர்களுடைய தொழிலாக இருந்தது. லம்பாடி என்ற பெயரே உப்பைக் குறிக்கும் 'லவணம்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. முகலாயப் படைகள் தக்காணத்துக்கு இறங்கியபோது அவர்களும் தானியத்தோடு இறங்கினார்கள். 1791, 1792 ஆண்டுகளில் திப்பு சுல்தானுக்கு எதிராகக் காரன்வாலிஸ் நடத்திய போரிலும், ஆங்கிலேயப் படைக்குத் தானியம் கொண்டுவந்தவர்களில் இந்தப் பொதிமாட்டு வணிகர்கள் முக்கியமானவர்கள். அந்தப் போரின் முடிவில்தான், இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியான பாராமகால் ஆங்கிலேயர் கைக்கு மாறியது.

பொதிமாட்டின் காலம் ரயிலோடு முடிந்தது. 1856-இல் சென்னையிலிருந்து வாலாஜா வரை ஓடத் தொடங்கிய ரயில், அடுத்த சில ஆண்டுகளில் ஜோலார்பேட்டை, மொரப்பூர் வழியே சேலத்தை எட்டிவிட்டது. ஒரு தாண்டா மாதக்கணக்கில் நடந்து கொண்டுசேர்த்த உப்பை ஒரு சரக்குவண்டி ஒரு நாளில் இறக்கிவிட்டபின், மாடுகளை விற்றுவிட்டு ஏதாவது ஒரு மலையடிவாரத்தில் தங்குவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. போதாக்குறைக்கு 1871-இல் வந்த குற்றப் பரம்பரையினர் சட்டம், நிலையாக ஓரிடத்தில் இராதவர்களைச் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கத்துக்குச் சட்டத்தின் வலுவைக் கொடுத்தது. அது பல இடங்களில் லம்பாடிகள் மீதும் பாய்ந்தது.

ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். கர்நாடகத்தில் பட்டியல் சாதியினர். தமிழ்நாட்டில் இவ்விரண்டிலும் இல்லை. சிட்டிலிங்கியில் பெரும்பான்மையினரான மலையாளிகள் (கேரளத்தவர் அல்ல, இந்த மலைகளில் வாழும் மக்கள்) பழங்குடியினர் பட்டியலில் இருக்க, அதே பள்ளத்தாக்கில் வாழும் லம்பாடிகள் அதில் இல்லை என்பது அங்கு போகிற யாருக்கும் முதலில் விளங்காத ஒன்று.

இந்தத் தையல் ஏன் ஒரு தலைமுறையில் அற்றுப்போனது?

வறுமையால் என்று ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது போதுமான விடையாகத் தோன்றவில்லை, ஏனென்றால் பொதிமாட்டுக் காலத்திலும் அவர்கள் செல்வர்களாக இருக்கவில்லை. மூன்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து அமர்ந்தன என்றே நினைக்கிறேன்.

முதலாவது, நேரம். மானாவாரி நிலம் பொய்த்தபோது, திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் பெங்களூர்க் கட்டட வேலைக்கும் கேரளத்துக்கும் குடும்பத்தோடு போவது தருமபுரி மாவட்டம் முழுவதற்கும் பழகிப்போன ஒன்று. செங்கல் சுமந்துவிட்டு இரவில் தகரக் கொட்டகைக்குத் திரும்புகிற பெண், இழையை எண்ணித் தைக்க எந்த வெளிச்சத்தில் உட்காருவாள்?

இரண்டாவது, கூச்சம். கண்ணாடி பதித்த பாவாடையும், கை நிறைய வெள்ளை வளையல்களும், முக்காடும் சந்தையில் ஒரு பெண்ணைத் தனியாகக் காட்டிக்கொடுத்தன. பேருந்தில் உற்றுப்பார்த்தார்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கேலி செய்தார்கள். புடவைக்கு மாறியது அவர்களுக்கு ஒரு வகையில் விடுதலையாகவே இருந்தது, அதைக் குறை சொல்ல வெளியாட்களாகிய நமக்கு உரிமை இல்லை.

மூன்றாவது, துணி. முன்பு பயன்பட்ட தடித்த கைத்தறிப் பருத்தியில் ஊடும் பாவும் கண்ணுக்குத் தெரியும், இழையை எண்ணலாம். சந்தைக்கு வந்த பாலியெஸ்டர் துணி மலிவானது, சாயம் போகாதது, ஆனால் அதில் எண்ணுவதற்கு இழையே அகப்படாது. துணி மாறிய அன்றைக்கே தையல் பாதி செத்துவிட்டது என்பேன். மற்ற இரண்டு காரணங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

இப்படியாக, பாட்டிக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாமல் போயிற்று. பெட்டியின் அடியில் கல்யாணப் பாவாடை மட்டும் கிடந்தது.

மீண்டும் எப்படித் தொடங்கியது?

1993-இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் சிட்டிலிங்கியில் ஒரு கூரைக்கொட்டகையில் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். பிரசவமும் காய்ச்சலும் பார்க்க வந்த இடத்தில், நோய்க்குப் பின்னால் இருக்கும் வருமானப் பிரச்சினையையும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இயற்கை வேளாண்மைக்கு உழவர்கள் கூடினார்கள், அதைத் தொடர்ந்து தையலும் வந்தது. 2006-இல் லலிதாவின் முன்முயற்சியில் லம்பாடிப் பெண்கள் சிலர் கூடித் தொடங்கிய குழுவுக்குப் 'பொர்கை' என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் மொழியில் அதற்குப் பெருமிதம் என்று பொருள். உற்றுப்பார்க்கப்பட்ட காரணத்தால் கழற்றி வைக்கப்பட்ட ஒன்றுக்கு வைத்த பெயர் என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் கூர்மை புரியும்.

அப்போது தையல் முழுமையாகத் தெரிந்தவர்கள் இரண்டு மூதாட்டிகள்தான். அவர்களுடைய விரல் நினைவும், பெட்டிகளிலிருந்து வெளியே வந்த பழைய பாவாடைகளும்தான் பாடநூல். பழந்துணியைத் திருப்பிப் பிடித்து, பின்பக்கத்து நூல் எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்த்தால் தையலின் வழி தெரியும். சில பேத்திகள் பாட்டியிடமிருந்து நேராகக் கற்றார்கள். நடுவில் இருந்த அம்மாக்களில் சிலர், மகளோடு சேர்ந்து அதே திண்ணையில் உட்கார்ந்து, மகளுக்குப் பின்னால் கற்றார்கள். ஐம்பது, அறுபது பெண்கள் என்ற அளவுக்குக் குழு வளர்ந்தது இப்படித்தான்.

இதற்கு இந்த மாவட்டத்தின் மண்ணும் ஓரளவு பக்குவப்பட்டிருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முதலில் தொடங்கப்பட்டது, 1989-இல், பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, கிருஷ்ணகிரியையும் உள்ளடக்கியிருந்த அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, கணக்கு நோட்டில் கையெழுத்திட்டு, பணத்தைத் தாங்களே எண்ணுவது இந்தப் பக்கத்துக்குப் புதிதாக இருக்கவில்லை.

தையலை எப்படிச் செய்கிறார்கள்? படம் வரைந்துகொள்வார்களா?

பழைய முறையில் வரைவது இல்லை. துணியின் பாவு இழையையும் ஊடை இழையையும் எண்ணி, இத்தனை இழை தாண்டி ஊசி இறங்க வேண்டும், இத்தனை தாண்டி ஏற வேண்டும் என்ற கணக்கிலேயே கட்டமும் கோணமும் உருவாகும். நாலு இழை என்பது ஓரிடத்தில் ஐந்து இழையாகிவிட்டால், ஒரு சாண் தள்ளிப் போனபின் இரண்டு கோடுகள் சேர வேண்டிய மூலையில் சேராமல் பல்லிளிக்கும். அப்போது பிரித்துத்தான் ஆக வேண்டும். கணக்குப் பாடத்தில் தோற்றுப் பள்ளியை விட்டதாகச் சொல்லும் பெண்கள், இடப்பக்கத்துக் கோணத்தை வலப்பக்கத்தில் கண்ணாடியில் பார்த்ததுபோல் திருப்பி எண்ணுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தப் பாடத்தை நடத்தியவர்களைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, அது இங்கே வேண்டாம்.

சட்டகம் எதுவும் கிடையாது. துணியை இடது கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு தைப்பார்கள். ஓட்டுத் தையல், பின்தையல், சங்கிலித் தையல், குறுக்குத் தையல் என்று தையல்காரர்கள் சொல்லும் அடிப்படைகள் இதிலும் உண்டு. அவற்றின் மேல் இன்னொரு நூலைக் கோத்துப் பின்னுவது, வரிசைகளை நெருக்கி அடியில் உள்ள துணியே தெரியாமல் மூடிவிடுவது ஆகியவை இதன் தனித்தன்மை. கர்நாடகத்தின் சண்டூர் லம்பானிப் பெண்கள் ஒவ்வொரு தையலுக்கும் கிலன், வேலே, பக்யா, மக்கி, ரேலோ என்று தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் இருக்கும்வரை தையலைப் பற்றிப் பேச முடியும், திருத்த முடியும். பெயர் மறந்துபோன தையலை விரலால் மட்டுமே காட்ட முடியும். விரல் ஓய்ந்தால் அதுவும் இல்லை.

கண்ணாடியைப் பசையால் ஒட்டுவதில்லை. வட்டத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாக நூலை இழுத்து ஒரு கூண்டு கட்டி, அந்தக் கூண்டைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் காஜாத் தையல் போட, விளிம்பு உள்ளே இறுகிவிடும். நூலை அதிகம் இழுத்தால் துணி சுருங்கும், தளர விட்டால் கண்ணாடி கழன்று விழும். புதிதாகக் கற்கும் பெண்கள் அதிகம் பிரித்துத் தைப்பது இந்த இடத்தில்தான்.

இதுவும் குஜராத்தின் கட்ச் வேலையும் ஒன்றா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், கண்ணாடிதான் குழப்பத்துக்குக் காரணம். லம்பாடி வேலையில் பூ, மயில், யானை போன்ற உருவங்களைவிட வடிவக் கணக்குகளே மேலோங்கி நிற்கும். சோழியும் நாணயமும் துணியின் ஓரத்தில் தொங்கும். இரண்டையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் பிறகு குழம்ப மாட்டீர்கள்.

இந்த மரபில் தரைவிரிப்பு, போர்வை போன்றவை உண்டா?

உண்டு, ஆனால் தறியில் நெய்தவை அல்ல. பவானி ஜமக்காளத்தைப் போலத் தடித்த நூலைத் தறியில் ஏற்றி நெய்வது ஓரிடத்தில் ஊன்றிய மக்களின் தொழில். அதற்குத் தறி வேண்டும், தறிக்கு ஒரு வீடு வேண்டும். நாளைக்கு அடுத்த ஊர் என்று நடந்தவர்களிடம் இருந்தது ஊசி. ஆகவே அவர்கள் கிழிந்த துணிகளை அடுக்கி, மேலே நல்ல துண்டுகளை ஒட்டுப்போட்டு, எல்லா அடுக்குகளையும் சேர்த்து நெருக்கமான ஓட்டுத் தையலால் வரிவரியாக இறுக்கினார்கள். கர்நாடகத்தில் இதைக் கவுதி என்பார்கள். விரித்தால் பாய், போர்த்தினால் போர்வை, மடித்து மாட்டின் முதுகில் போட்டால் பொதிக்கு மெத்தை. நம் வீடுகளில் பாட்டியின் பழம்புடவைகளை மடித்துத் தைத்துக் குழந்தைக்கு விரித்ததும் இதே அறிவுதான். அவர்கள் அதைக் கலையாக்கும் அளவுக்குப் பொறுமை காட்டினார்கள்.

கவுதியில் அழகு எண்ணிக்கையிலிருந்து வருவதில்லை, கையின் ஓட்டத்திலிருந்து வருகிறது. வரிகள் ஓரத்திலிருந்து தொடங்கி உள்நோக்கிச் சுற்றிக்கொண்டே போகும்போது, துணி மெல்லச் சுருங்கி நீர் அலைபோல் ஒரு புடைப்பு எழும். பல ஆண்டு துவைத்த கவுதியில்தான் அது முழுமையாகத் தெரியும், புதியதில் தெரியாது. கடைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சிரமம்.

ஆண்கள் இதைச் செய்வதில்லையா?

பழக்கத்தில் இது பெண்களின் வேலை. துணி வெட்டுவது, தையல் எந்திரத்தில் பையாகச் சேர்ப்பது, கண்காட்சிக்கு மூட்டை கட்டுவது போன்றவற்றில் ஆண்களும் உதவுகிறார்கள்.

தைக்கிற பெண்களே இந்த உடையை அணிவதில்லை. அப்படியானால் இது உயிருள்ள மரபுதானா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் சற்றுக் குற்றம்சாட்டும் குரலிலேயே கேட்கிறார்கள். கேட்பவரும் வேட்டியிலோ பட்டுப்பாவாடையிலோ வந்திருப்பதில்லை என்பதைக் குறிப்பிட ஆசை வரும், அடக்கிக்கொள்வேன்.

உண்மையான விடை இதுதான்: பேட்டியா என்னும் பாவாடையும் காஞ்சளி என்னும் முதுகு திறந்த ரவிக்கையும் இன்று அன்றாட உடைகள் இல்லை, கல்யாணம், பண்டிகை என்று சில நாட்களுக்குச் சுருங்கிவிட்டன. தையல் அந்த உடையை விட்டு இறங்கி, தலையணை உறைக்கும் சுடிதார்க் கழுத்துக்கும் கைப்பைக்கும் போயிருக்கிறது. இதனால் இழந்தவை உண்டு. முன்பு ஒரு பெண் தனக்காகவோ மகளுக்காகவோ தைத்தபோது, எந்த நிறத்தை எங்கே வைப்பது என்பதை அவளே முடிவுசெய்தாள். இப்போது நகரத்து வாங்குபவரின் கண்ணுக்கு ஏற்ப நிறங்கள் அடங்கிப்போகின்றன. 'சிவப்பு கொஞ்சம் குறைவாக' என்று கேட்கும் ஒவ்வொரு ஆர்டரிலும் ஏதோ ஒன்று போகிறது. அதே சமயம், அந்த ஆர்டர் இல்லாவிட்டால் தைப்பதற்கு உட்காரும் நேரமே இராது. இரண்டையும் ஒருசேர ஒப்புக்கொள்ளாமல் இந்தக் கலையைப் பற்றிப் பேச முடியாது என்பது என் எண்ணம். குழுவின் கூடத்தில் வெள்ளை அடித்தளத்தில் அடக்கமாகத் தைத்துக்கொடுத்த அதே பெண், வீட்டில் தன் பேத்திக்கு ஒரு துண்டுத் துணியில் எல்லா நிறத்தையும் வாரியிறைத்துத் தைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இளம்பெண்கள் கற்கிறார்களா?

கற்கிறார்கள், எல்லோரும் அல்ல. பத்தாவதும் பன்னிரண்டாவதும் முடித்த பெண்கள் செவிலியர் படிப்புக்கோ கல்லூரிக்கோ போக விரும்புகிறார்கள்; போகட்டும். ஊசியைப் பாதுகாக்க ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்துவது பாதுகாப்பு ஆகாது. தங்குகிறவர்களில் பெரும்பாலோர் கல்யாணத்துக்குப் பின் கைக்குழந்தையோடு வெளியூர் போக முடியாதவர்கள். துணியை வீட்டுக்கு எடுத்துச் சென்று, ஆடு மேய்ப்பதற்கும் சமைப்பதற்கும் இடையில் தைத்துக் கொண்டுவரலாம் என்பதுதான் இந்த வேலையின் பெரிய வசதி.

விலை ஏன் இவ்வளவு அதிகம்?

கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26 நிதியாண்டில் நிர்ணயிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். நெருக்கமாக நிரப்பிய ஒரு தலையணை உறைக்கு ஆறு முழு நாட்கள் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், கூலி மட்டும் 2,016 ரூபாய் ஆகிறது. துணி, நூல், கண்ணாடி, தையல், போக்குவரத்து, விற்காமல் திரும்பும் சரக்கு ஆகியவை இதற்கு மேல். கைவேலை செய்தவர், ஏரியில் மண் வெட்டுவதற்குக் கிடைக்கும் கூலியையாவது பெற வேண்டும் என்பது அதிகமான எதிர்பார்ப்பு இல்லை. பேரம் பேச விரும்புகிறவர்கள், நிரப்புவேலை குறைந்து ஓரத்தில் மட்டும் தையல் உள்ள பொருளைக் கேட்டு வாங்கலாம். அதற்கு நாள் குறைவு, விலையும் குறைவு.

எந்திரத்தில் தைத்ததிலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது?

திருப்பிப் பாருங்கள். எந்திர எம்ப்ராய்டரியின் பின்பக்கத்தில் இன்னொரு நூல், பெரும்பாலும் வெள்ளையில், ஒரே சீராக ஓடும். சில சமயம் காகிதம் போன்ற ஒட்டுத்துணியும் இருக்கும். கைத்தையலில் முன்பக்கத்து நூலே பின்பக்கத்திலும் இருக்கும், தொடங்கிய இடமும் முடித்த இடமும் தெரியும். கண்ணாடிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் வட்டு பசையால் ஒட்டியிருந்தால் மேலும் ஆராய வேண்டியதில்லை.

புவிசார் குறியீடு போன்ற பாதுகாப்பு இந்த வகை வேலைகளுக்கு உண்டா?

சண்டூர் லம்பானித் தையலுக்கு 2010-இலும், நீலகிரியில் தோடர் பெண்கள் இழை எண்ணிச் செய்யும் சிவப்பு, கறுப்புத் தையலுக்கு 2013-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023 ஜூலையில் ஹம்பியில் நடந்த ஜி-20 கூட்டத்தின்போது, சண்டூர் குசல கலா கேந்திரத்தோடு இணைந்த 450-க்கும் மேற்பட்ட லம்பானிப் பெண்கள் செய்த 1,755 பொருள்கள் காட்சிக்கு வைக்கப்பட்டு, கின்னஸ் பதிவேட்டில் இடம்பெற்றன. குறியீடு பெயரைக் காக்கும். அந்தப் பெயரில் அடுத்த ஊர்க்காரர் எந்திரத்தில் தைத்து விற்பதைத் தடுக்கச் சட்டவழி கொடுக்கும். தைப்பதற்கு ஆள் சேர்த்துக்கொடுக்காது.

எப்படித் துவைப்பது?

முதல் இரண்டு, மூன்று முறை தனியாக, பச்சைத் தண்ணீரில், மென்மையான சோப்பால் கையால் அலசுங்கள். ஊறவைக்க வேண்டாம், முறுக்கிப் பிழிய வேண்டாம். நிழலில் உலர்த்தி, திருப்பிப் போட்டு, கண்ணாடியின் மேல் அழுத்தாமல் இஸ்திரி போடலாம். வாஷிங் மெஷினில் போட்டுவிட்டுக் கண்ணாடி கழன்றது என்று எழுதுகிறவர்களுக்கு என்னிடம் விடை இல்லை.

நேரில் போய்ப் பார்க்கலாமா?

அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாகச் சிட்டிலிங்கிக்குப் பேருந்து போகிறது. முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது நல்லது. விதைப்பும் அறுவடையும் நடக்கும் வாரங்களில் கூடம் காலியாக இருக்கும், அது கதவடைப்பு அல்ல. வீட்டுக்குள் அழைத்தால், படம் எடுக்கும் முன் கேளுங்கள். மூதாட்டிகள் தங்கள் கல்யாணப் பாவாடையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டுவார்கள், விலை கேட்காதீர்கள். முன்பு சிலர் அப்படிக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டதால், அதில் இருந்த தையல்களைப் பார்த்துக் கற்க வழியில்லாமல் போன வீடுகள் உண்டு. எஞ்சியிருப்பவற்றைத் திருப்பிப் பார்க்க மட்டும் அனுமதி கேளுங்கள், கை கழுவிய பிறகு.